கதவு எண் கட்டாயம்

தோற்றுவிட்ட வாதத்தை அதே சொற்களில், அதே தொனியில், அடுத்த நொடியே மறுபடி எடுத்துவைப்பவரை நான் ஒருபோதும் மதித்ததில்லை. பள்ளிப் பருவத்திலிருந்தே மேடையேறியவள் நான். மூணாறிலும் தேவிகுளத்திலும் அடிமாலியிலும் நடந்த பேச்சுப் போட்டிகளில், எதிரணிக்காரரின் முகத்தைப் பார்த்தே அவர் எந்த வரியில் தடுமாறுவார் என்று கணித்துவிடுவேன். தடுமாறியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். சொன்னதையே சற்று உரக்கச் சொன்னார்கள். நடுவர் மணியடித்த பிறகும் சொன்னார்கள். அவர்களைப் பார்த்து நான் புன்னகை செய்வதுண்டு. அந்தப் புன்னகைக்காக ஒருமுறை மதிப்பெண்ணையும் இழந்திருக்கிறேன். வருந்தியதில்லை.

ஆகவே, பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு புதன்கிழமை காலை, நாங்கள் எழுதிய நிரல் ஒரே நாளில் ஒன்பதாயிரம் முறை ஒரே விதமான கேள்வியைக் கேட்டு, ஒன்பதாயிரம் முறையும் ‘இல்லை’ என்ற பதிலையே வாங்கி வந்திருக்கிறது என்று தெரிந்தபோது, எனக்கு ஏற்பட்டது அச்சமல்ல, அருவருப்பு.

எங்கள் நிறுவனம் சிறியது. கடைக்காரர்கள் தங்கள் இணையதளத்தில் பொருத்திக்கொள்ளும் பிளகின் ஒன்றைச் செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளர் முகவரியை உள்ளிட்டதும், இந்த வீட்டுக்குப் பொருள் வந்துசேருமா சேராதா என்று அது சொல்லும். அந்த அறிவு அதற்குச் சொந்தமானதல்ல. முகவரிகளைச் சரிபார்த்துத் தரும் வெளியூர் நிறுவனம் ஒன்றின் சர்வரிடம் ஏபிஐ வழியாகக் கேட்டு, கிடைத்த பதிலை ஒப்பிக்கும்; அவ்வளவே. அந்த வெளியூர் நிறுவனம்தான் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. தோல்வியடையும் கோரிக்கைகளை நாளொன்றுக்கு ஐந்நூறுக்குள் கொண்டுவராவிட்டால், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம்.

எங்கள் குழுத் தலைவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பத்தவர். தண்ணீர் வேண்டாத பக்கம் போனால் மடையை அடைக்க வேண்டும் என்பது அவர் தோப்பில் கற்றது. நிரலைப் பற்றி அதற்கு மேல் எதையும் கற்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. தோல்விகள் பதிவான லாக்கைத் திறந்து, ஒரு நிமிடம் மேலும் கீழும் ஓட்டிவிட்டு, நாற்காலியைச் சாய்த்தபடி தீர்ப்பளித்தார்.

“பாரு அம்மிணி, தப்பு பூரா இந்த நாலு பின்கோடுலிருந்துதான் வருது. மூணாறு, பள்ளிவாசல் பக்கம். கதவு நம்பருன்னு என்ன போட்டிருக்கறாங்கன்னு பாரு. நாலாயிரத்து நூத்திப் பதினேழு! மலங்காட்டுல நாலாயிரம் ஊடு இருக்குமா? எவனோ மிஷினை வெச்சு வெளையாடறான். நாலையும் அடைச்சுப் போட்டா வேலை முடிஞ்சுது.”

“அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் சார்.”

“இருக்கட்டும். ஆரு வேண்டாங்கறா? டவுனுக்கு வந்து வாங்கிக்குவாங்க.”

“எந்த டவுனுக்கு? எத்தனை மணி நேரப் பேருந்தில்?”

“ஆரம்பிச்சாச்சா? அம்மிணி, மேடை இங்கில்லே. மைக்கும் இல்லே. போய் வேலையைப் பாரு.”

அவர் அந்தக் கதவு எண்ணை வாய்விட்டே சொன்னார். நானோ அவருக்கான மறுப்புரையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆதலால் அது என் காதில் விழுந்தும் விழாமல் போயிற்று. எதிரணியைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம். மதிக்காத மனிதரிடம் அந்தப் பாடத்தை நான் கடைப்பிடிப்பதில்லை. அது என் குறை.

நண்பகலுக்குள் அவர் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, பிளகினின் புதிய பதிப்பை எல்லாக் கடைகளுக்கும் அனுப்பிவிட்டார். நான்கு பின்கோடுகளில் எதை உள்ளிட்டாலும், யாரையும் எதுவும் கேட்காமலேயே, ‘உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை’ என்று காட்டும் வரி. அதைத் தட்டச்சு செய்ய அவருக்கு இரண்டு விரல்கள் தேவைப்பட்டன. சிந்திப்பதற்கு அதுவும் தேவைப்பட்டிருக்காது.

பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா அழைத்தாள்.

என் அக்கா சித்திரபுரத்துக்கு அருகே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அதற்கு முன் ஏழாண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களின் நடுவே நின்றாள். அந்த இரைச்சல் அவள் செவித்திறனில் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டு காதுகளிலும் கருவி பொருத்திய பிறகே இந்த வேலை கிடைத்தது. கருவிக்குள் ஒரு பொத்தான் அளவேயான பேட்டரி. ஒரு வாரம் தாங்கும். அந்த அளவு பேட்டரி மலையில் எந்தக் கடையிலும் நிலையாகக் கிடைப்பதில்லை. பாலக்காட்டுக் கடை ஒன்றிலிருந்துதான் வரவேண்டும்.

“ஏட்டி, வெரசா பேசு. ஒரு காதுலதான் மாட்டியிருக்கேன். இன்னொண்ணைப் பேட்டரி மிச்சம் பண்ணக் கழட்டி வச்சிட்டேன்.”

“எத்தனை இருக்குக்கா?”

“காதுல கெடக்கது ஒண்ணு, டப்பால ஒண்ணு, ரெண்டும் பாதிக்கு மேல தீந்தது. திங்கக்கிழமை வரைக்கும் இழுத்தாப் பெருசு. நேத்து அந்தக் கடை வெப்சைட்டுல உங்க கம்பெனிப் பொத்தானை அமுக்கி அமுக்கி எனக்கு வெரல் தேஞ்சுபோச்சு. வட்டமாச் சுத்திக்கிட்டே கெடக்கு. நாப்பது தடவ அமுக்கிருப்பேன். இன்னைக்கு என்னடான்னா, ஒங்க ஏரியாவுக்குக் கெடையாதுங்குது. நாங்க என்ன நாடு கடந்தா போயிட்டோம்?”

“நானே வாங்கி நாளைக்குப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.”

“நீயா? நல்லாச் சொன்னே. போட்டி வந்துச்சுன்னா நீ ஒன் பேரையே மறந்துருவே. ரெண்டு தடவ அனுப்புறேன் அனுப்புறேன்னு சொல்லி மறந்தியே, அந்த ரெண்டு தடவையும் கெஸ்ட்டு என்ன கேட்டாலும் நான் சிரிச்சே சமாளிச்சேன். ஒருத்தர் வெந்நீர் வரலைங்காரு, நான் ‘ரொம்ப சந்தோசம் சார்’ங்கேன். இன்னொரு தடவ இப்பிடி நடந்தா லாண்டிரிக்கு மாத்திருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம். அந்தப் பொத்தான் ஒழுங்கா வேலை செஞ்சாப் போதும். வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டாத் திங்கக்கிழமை வந்துரும்.”

என்ன முகவரி உள்ளிட்டாள் என்று மட்டும் கேட்டேன்.

“எப்பவும் போடுறதுதான். கதவு நம்பர் கட்டாயம்னு செவப்புல கேட்டுச்சு. நமக்கு ஏது கதவு நம்பரு? அம்மா செக்ரோல் நம்பரைப் போட்டேன். நாலாயிரத்து நூத்திப் பதினேழு.”

லாக்கை மறுபடி திறந்தேன். காலையில் ‘மிஷினின் விளையாட்டு’ என்று தள்ளப்பட்ட எண்கள் இப்போது மனிதர்களாக எழுந்து நின்றன. தோட்டத்தில் ஒரு தொழிலாளி பதிவேட்டில் பெறும் எண்தான் செக்ரோல் நம்பர். மருத்துவமனைச் சீட்டு, பறித்த இலையின் எடை, கூரை ஒழுகுகிறது என்ற விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கதவு எண் கிடையாது. பத்து வீடுகள் ஒட்டிப் பிறந்தவை போல ஒரே வரிசையில் நிற்கும். எதிலிருந்து எதுவரை யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தபால் லயத்துக்கு வருவதுமில்லை. தோட்டத்தின் டிவிஷன் ஆபீசுக்கு வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில், கிளார்க் எண்ணைக் கூவி அழைத்துக் கொடுப்பார். ஆகவே ஓர் எண் இல்லாமல் நகரவிடமாட்டேன் என்று மிரட்டிய படிவத்துக்கு, அந்த மக்கள் தங்களிடமிருந்த ஒரே நேர்மையான எண்ணைத் தந்தார்கள். முகவரி நிறுவனத்தின் சர்வர், அப்படியொரு கதவே உலகில் இல்லை என்றது. எங்கள் குழுத் தலைவர், அப்படியொரு மனிதரே இல்லை என்றார். சர்வரையாவது மன்னிக்கலாம், அது மனிதர்களைப் பார்த்து வளர்ந்ததல்ல.

இதுவரை என் வெறுப்பு மிகவும் வசதியாக இருந்தது. அன்று மாலை நிரலைப் படிக்கத் தொடங்கியதும் அந்த வசதி போயிற்று.

ஒன்பதாயிரம் என்பது ஒன்பதாயிரம் மனிதர்களல்ல என்பது முதலில் தெளிந்தது. எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தைத் தட்டும்போதும் பிளகின் சர்வரிடம் ஓடியது. நான்கு என்று கேட்டது, நாற்பத்தொன்று என்று கேட்டது, நானூற்றுப் பதினொன்று என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்ற பதில் வந்தது. அந்தப் பதிலோடு அது திருப்தியடையவில்லை. ஒவ்வொரு ‘இல்லை’க்குப் பிறகும், இமைக்கும் நேரம்கூட இடைவெளி விடாமல், அதே கேள்வியை இன்னும் ஐந்து முறை கேட்டது. ஒருவர் நான்கு இலக்க எண்ணை உள்ளிட்டால் இருபத்து நான்கு கோரிக்கைகள். பொத்தானை ஒரு முறை அமுக்கினால் மேலும் ஆறு. அக்கா நாற்பது முறை அமுக்கியிருந்தாள். சர்வர் மூச்சுத்திணறி ‘சற்றுப் பொறு’ என்று பதில் தந்த இடங்களிலும் பிளகின் பொறுக்கவில்லை. ‘அப்படி எதுவும் இல்லை’ என்ற பதிலுக்கும் ‘இப்போது முடியாது’ என்ற பதிலுக்கும் உள்ள வேறுபாட்டை அது அறியவே இல்லை. மணியடித்த பிறகும் கத்துகிற பேச்சாளனைப் போல நின்றது.

இந்த மூடத்தனத்தை எழுதியவர் யார் என்று தேடினேன். ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர் பதிவாகியிருக்கும். அது என் பெயர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதியது. ஐந்து முறை கேட்டால் ஆறாவது முறை எவரும் இறங்கிவருவர் என்று அன்று நம்பியிருக்கிறேன். மேடையில் ஒரு வரியை மும்முறை சொன்னால் கைதட்டல் எழும் என்பதை அறிந்தவள், சர்வரும் கைதட்டும் என்று எண்ணியிருக்கிறாள். கதவு எண்ணைக் கட்டாயமாக்கியவர் குழுத் தலைவர். அதைக் கண்டும் வாய் திறவாதவள் அதே போன்ற பத்து வீட்டு லயத்தில் பிறந்த நான். எவர்மீதும் கூசாமல் நான் செலுத்தும் இகழ்ச்சியை அன்றைக்கு என்மீதும் சிறிது செலுத்திக்கொண்டேன். நெடுநேரம் அல்ல. செய்ய வேண்டிய வேலை இருந்தது.

வியாழக்கிழமை காலை முதலாளியின் அறைக்குள் சென்றோம். அவர் பாலக்காட்டின் பழைய கோயில் தெரு ஒன்றில் வழிவழியாக வாழும் குடும்பத்தவர். நான் கேட்டவரையில் ஒரு வாக்கியத்தை நீட்டிச் சொன்னதே இல்லை. நான் மூன்று பகுதிகளாகப் பிரித்து ஓர் உரை தயாரித்திருந்தேன். முகவரி என்பது யாருடைய வசதிக்காக, மறுப்பை மதிப்பது எப்படி, ஒரு நிலப்பகுதியை ஒரே வரியில் அழிப்பது என்ன நாகரிகம் என்று. முதல் பகுதியின் பாதியில் அவர் கையை உயர்த்தினார்.

“கொழந்தே, பிரசங்கம் ஜோர்தான். நேக்குப் பத்தரைக்கு வேறொரு எடத்துக்குப் போணும். தப்பு எண்ணிக்கை குறையுமா, குறையாதா? அதை மாத்திரம் சொல்லு.”

குழுத் தலைவர் முந்திக்கொண்டார். “குறைஞ்சே போச்சுங்க சார். நானுங்க நேத்தே அந்த நாலு பின்கோடையும் அடைச்சுப்போட்டனுங்க. இன்னைக்குக் காத்தாலேருந்து வெறும் அறுவதுதானுங்க.”

“அடைச்சாக் குறையத்தானே செய்யும்? கடையையே பூட்டிட்டா ஒரு தப்பும் வராதே.”

மூன்று பகுதிகளில் நான் நிறுவ எண்ணியதை அந்த மனிதர் ஒரு மூச்சில், என்னைப் பாராமலே, சொல்லி முடித்தார். எனக்கு அவர்மீது வந்தது மரியாதை அல்ல; பொறாமை. பிறகு அவர் நிபந்தனை விதித்தார். இன்று நண்பகலில் தடையை நீக்கிவிட்டு என் திருத்தத்தைப் போட வேண்டும். நாளை நண்பகல் வரை தோல்விகள் ஐந்நூறைத் தாண்டாவிட்டால் தடை வேண்டாம். தாண்டினால் தடை நிரந்தரம்.

என் திருத்தம் எளியது. ஆள் எழுதி முடித்து விரலை எடுக்கும்வரை எதையும் கேட்காதே. ‘இல்லை’ என்ற பதில் வந்தால் அதை ஒரு நாள் முழுவதும் நினைவில் வை. அதே கேள்வியோடு மறுபடி போகாதே. ‘இப்போது முடியாது’ என்றால் இரண்டு நொடி பொறு, பிறகு நான்கு, பிறகு எட்டு. அதற்கும் மசியாவிட்டால் உபயோகிப்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. கடைசியாக, கதவு எண்ணின் கட்டாயத்தை எடுத்தேன். எண் இல்லாதவர்களுக்குத் தோட்டமும் டிவிஷனும் எழுத ஒரு கட்டம் வைத்தேன். அந்தக் கட்டத்தில் எழுதுவது பார்சலின் மேல் அச்சாகுமே தவிர, எந்தச் சர்வரிடமும் போய்க் கைகட்டி நிற்காது. பின்கோடு சரியா என்று மட்டும் கேட்டால் போதும்.

நண்பகலில் அனுப்பினேன். இரண்டு மணி வரை பன்னிரண்டு தோல்விகள். மூன்றரைக்கு முந்நூற்றுப் பத்து.

“என்ன அம்மிணி, மலை எறங்கி வருதாட்ட இருக்குது?” என்றார் குழுத் தலைவர், பழம்பொரியை மென்றுகொண்டே.

ஒரே ஒரு கடைதான் காரணம் என்பதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அகளியில் தேனும் சாமையும் ராகியும் விற்பவர். பிளகின் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அவர் மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். என்னுடைய பழைய மூடத்தனம் அவர் தளத்தில் மட்டும் அப்படியே உயிரோடிருந்தது. அன்று மதியம் பார்த்து, புதுத் தேன் வந்திருக்கிறது என்று மூணாறு மலையெங்குமுள்ள தம் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போனில் செய்தி விட்டிருந்தார்.

அழைத்தேன். அப்டேட் என்ற பொத்தானை அமுக்குமாறு சொன்னேன்.

“ஏனுங்க, போன தடவை அப்டேட்டுன்னு சொல்லி எங்க கடைப் பொத்தானைக் கொண்டுபோய்க் கீழ தள்ளிப்போட்டீங்க. வாங்க வந்தவிங்க தேடித் தேடிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. நான் தொடமாட்டனுங்க.”

வைத்துவிட்டார். உடனே அழைத்தேன். இது அவருடைய நன்மைக்கே என்று விளக்கினேன். வைத்தார். மறுபடி அழைத்தேன். அதே வாதங்களை, சற்று உரக்க, அதே வரிசையில் வைத்தேன். தேன் விற்கும் ஒருவருக்குப் பொறுப்புணர்ச்சி பற்றி நான் சொன்னவை இப்போது நினைவில் இல்லை. நினைவில் இல்லாதது நல்லது. ஐந்தாவது அழைப்பை அவர் எடுத்தபோது குரல் மிகவும் பணிவாக இருந்தது.

“ஏனுங்க அம்மிணி, நான் சொல்லிப்போட்டனுங்களே. நீங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டா நான் வேற பதிலாச் சொல்லப்போறேன்? கடையில ஆளு நிக்குதுங்க. ஒரு மணி நேரம் செண்டு கூப்புடுங்க. அதுக்குள்ள கூப்புட்டா எடுக்கவே மாட்டனுங்க.”

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். திரையில் நானூற்று மூன்று. அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் செய்யாமலிருப்பது, இதுவரை நான் ஏறிய எந்த மேடையையும்விடக் கடினமாக இருந்தது. குழுத் தலைவர் இருமுறை என் பக்கம் நாற்காலியைத் திருப்பி, எண்ணைப் பார்த்து, திருப்தியோடு திரும்பிக்கொண்டார். தடை விதிக்கும் வரியை அவர் அழிக்கவில்லை என்பதும், ஒரு சொடுக்கில் உயிர்ப்பிக்கத் தயாராக அதைத் திறந்தே வைத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு அழைத்தேன். வாதிடவில்லை. பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

“மேலங்க. தேன் படத்துக்குப் பக்கத்துலயே. ஆரஞ்சுக் கலர்ல இருந்தா நல்லா இருக்குமுங்க.”

மேலே வைத்தேன். ஆரஞ்சு நிறம் தந்தேன். பார்த்துவிட்டு, “இதை மொதல்லயே கேட்டிருக்கலாமுங்களே” என்று சொல்லி அவர் அப்டேட்டை அமுக்கினார். எண் நானூற்று முப்பத்தொன்றில் நின்றது. மறுநாள் நண்பகலில் நானூற்று எழுபத்தாறு.

வெளியூர் நிறுவனத்துக்குப் பதில் மின்னஞ்சலைக் குழுத் தலைவரே எழுதினார். தம் தலைமையில் சிக்கல் ஆராயப்பட்டுத் தீர்க்கப்பட்டதாகக் கண்டிருந்தது. நான்கு வாக்கியங்களில் மூன்று தவறுகள். திருத்திக் கொடுக்கலாம், கொடுக்கவில்லை. அந்த மின்னஞ்சல் அவருடைய உண்மையான உருவத்தோடு போவதே நியாயம் என்று கருதினேன். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. நான்கு பின்கோடுகளும் திறந்தே இருந்தன.

பன்னிரண்டரைக்கு அக்காவின் ஆர்டர் பதிவானது. கதவு எண்ணை யாரும் கேட்காதபோதும், டிவிஷன் பெயருக்கு அருகில் அவள் அம்மாவின் எண்ணை எழுதியிருந்தாள். அது அப்படியே பார்சலின்மேல் அச்சாயிற்று.

திங்கட்கிழமை பிற்பகல் அவளே அழைத்தாள்.

“காலையில மஸ்டருல கிளார்க்கு ‘நாலாயிரத்து நூத்திப் பதினேழு’ன்னு கூப்பிட்டு அம்மா கையில குடுத்துட்டாரு. ரெண்டு காதுலயும் மாட்டிட்டேன். இப்ப பேசு ஒன் இஷ்டத்துக்கு. மொதலாளிகிட்ட என்னமோ பெருசாப் பேசப் போனேன்னு மெசேஜ் போட்டியே, அதையே பேசு. கேக்கேன்.”

மூன்று பகுதி உரை என் நினைவில் ஒரு சொல்லும் சிதையாமல் இருந்தது. அறையில் எழுந்து நின்றேன். முகவரி என்பது யாருடைய வசதிக்காக என்ற முதல் பகுதியை முழுமையாக வழங்கினேன். அக்கா இடையே ஒரு முறை, “ம்” என்றாள். மறுப்பை மதிப்பது எப்படி என்ற இரண்டாம் பகுதிக்குள் நுழைந்தேன்.

அந்தக் கருவியைக் காதிலிருந்து எடுக்கும்போது அது மெல்லிய கீச்சொலி ஒன்றை எழுப்பும். இரண்டாம் பகுதியின் நடுவில், போனின் மறுமுனையில், அது தெளிவாகக் கேட்டது.

நான் நிறுத்திக்கொண்டேன்.